மலாய்ப் படத்துக்கு நாதஸ்வரம்

எங்கள் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் ஒலி போய்விட்டது. படம் தெரிகிறதே, போதும் என்று அப்பா விட்டுவிட்டார். கரங்கானுக்கு அருகே ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எண்பதுகளின் தொடக்கம். நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துத் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தேன். அக்கா காசநோய் வார்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வீடு திரும்பியிருந்தாள். தோட்டத்து கிளினிக்கில் மருத்துவ உதவியாளரான டிரசர் ஐயாவிடம் தினமும் ஊசி, மற்ற நேரம் ஓய்வு. காலையில் அவளை ஊசிக்கு அழைத்துப் போவது என் வேலை.

ஒரு சனிக்கிழமை மதியம் ஊமையாக ஒரு மலாய்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அலுத்துப்போன அக்கா, வானொலிப் பெட்டியில் நாதஸ்வர கேசட்டைப் போட்டாள். பெட்டி வாங்கியபோது கரங்கான் செட்டியார் கடையில் இலவசமாகக் கொடுத்தது. எங்கள் கத்தோலிக்க வீட்டில் அதுவரை அதைப் பிரிக்கவில்லை. படத்தில் மாப்பிள்ளையின் படகு கரை சேர்ந்தது. அதே நொடியில் தவில் எழும்பியது. மாமியார் ஜன்னலை அறைந்து சாத்தியபோது தவில் நின்றது. அக்கா இருமல் வரும்வரை சிரித்தாள்.

பிறகு விதிகள் வந்தன. படத்தின் பெயர் தெரியும்போது கேசட்டை அழுத்த வேண்டும். பொருந்தும் இடங்களை ஆளுக்கொரு தாளில், காட்டாமல் எழுத வேண்டும். இரண்டு தாளிலும் இருப்பது மட்டுமே கணக்கு. குத்துச்சண்டைக்குக் கெரொஞ்சோங் என்ற மெதுவான மலாய்ப் பாட்டு, இந்திப் படத்துக்கு மாதா பாட்டு என்று மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஆனாலும் நாதஸ்வரத்துக்கு ஈடில்லை.

சில வாரங்களில் எங்கள் தாள்கள் விலகத் தொடங்கின. தவில் அடி வரும் இடங்களில் இருவரும் ஒத்துப்போனோம். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போன இடங்கள் அவள் தாளில் இல்லை. பதிலாக, நான் கேட்காதவை இருந்தன.

“என்னாக்கா, சும்மா எழுதுறியா?”

“உனக்குத்தான்லா கேக்கல. டிரசர் ஐயாகிட்ட காதக் காட்டு.”

அவள் தாளின் ஓரத்தில் பென்சிலால் ‘பொய்’ என்று எழுதினேன். அடுத்த வாரம் மூன்று இடங்களில் எழுதினேன்.

ஒரு சனிக்கிழமை கேசட்டின் பக்கம் முடிந்து பொத்தான் டக்கென்று எழும்பியது. அக்கா திரையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தாள்.

“டேப்பு நின்னு போச்சுக்கா.”

அவள் நிமிரவில்லை. தோளைத் தொட்டு மறுபடி சொன்னேன். என் வாயைப் பார்த்தாள்.

“தெரியும்லா. எனக்கு மனசுல ஓடுது.”

இருவரும் சிரித்தோம். அந்தத் தாளிலும் ‘பொய்’ என்று எழுதினேன்.

கிளினிக்கில் ஊசி போடுமுன் டிரசர் ஐயா தினமும் இரண்டு கேள்வி கேட்பார். “காது இரையுதாம்மா? தலை சுத்துதா?” அக்கா இரண்டுக்கும் இல்லை என்பாள். அவர் சீட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு ஊசியை எடுப்பார். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். திரும்பும் வழியில் அவள் லயத்து வீடுகளின் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்ததையும் பார்த்தேன். பலவீனம் என்று எண்ணிக்கொண்டேன்.

தெரிய வந்தது கோயிலில். ஞாயிறு பூசையில் பாடகர் குழு பல்லவியோடு நிறுத்திவிட்டது. அக்கா மட்டும் அடுத்த அடியைப் பாடினாள். கண்ணை மூடியிருந்தாள். முழு அடியையும் பாடி முடித்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

பெரிய மருத்துவமனையில் டாக்டர் ஊசியை உடனே நிறுத்தச் சொன்னார். சிலருக்கு இந்த மருந்து காதைப் பாதிக்கும், தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். ஏன் சொல்லவில்லை என்று அம்மா வழியெல்லாம் கேட்டு அழுதார். கேள்வி அக்காவுக்கு எட்டவில்லை. வீட்டில் தாளில் எழுதிக் காட்டினோம்.

“சொன்னா திரும்ப வார்டுக்கு அனுப்பிருவாங்கனு பயந்தேன்மா,” என்றாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. எந்த வாரம் எந்தச் சத்தம் அவளை விட்டுப் போனது என்று அந்தத் தாள்களில் தேதியோடு என்னிடம் இருந்தது. டாக்டருக்கு அதைவிடத் துல்லியமான சாட்சி கிடைத்திருக்காது. அதை நான் ஏமாற்று என்று படித்திருந்தேன்.

அலோர் ஸ்டாரில் எனக்குப் பத்திரிகை வேலை கிடைத்தது. நான் புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை, அக்கா வானொலிப் பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தாள்.

“போடு,” என்றாள். அவள் குரல் அதற்குள் உரத்துப்போயிருந்தது.

மலாய்ப் படத்தின் பெயர் வந்ததும் அழுத்தினேன். அவள் எழுத ஆரம்பித்தாள். பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, அவள் எழுதியதையெல்லாம் என் தாளில் அப்படியே எழுதினேன். நாதஸ்வரம் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது.

படம் முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் ஒவ்வொன்றாகக் குறியிட்டாள். எல்லாம் பொருந்தின. அப்படி ஒருநாளும் பொருந்தியதில்லை.

அவள் என் பென்சிலை எடுத்துத் தன் தாளின் மேல் வைத்தாள்.

“ஓரத்துல ஒண்ணும் எழுதலையா?” என்றாள்.