பிரிக்காத பெட்டி

அந்தப் புத்தகக் கடையின் மாடி முழுக்கக் குழந்தைகள் பகுதி. அங்கே வேலை பார்ப்பவருக்குப் பொம்மை மாமா என்று பெயர் வைத்தது வாண்டுகள்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கடை முதலாளியே மறந்துவிட்டார்.

எந்தப் பொம்மை வந்து இறங்கினாலும் மாமா முதலில் ஒரு பெட்டியைப் பிரித்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விளையாடிப் பார்ப்பார். பட்டனை அமுக்கினால் சத்தம் போடும் புத்தகத்தின் வாத்தை விடாமல் கத்தவிட்டு, கீழே கல்லாவில் இருக்கிறவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். "ஆடிப் பாக்காம விக்கிறது, உப்புப் பாக்காம பரிமாறுற மாதிரி" என்பது அவர் கட்சி.

யாராவது வந்து, "மூணு வயசுக்கு ஏதாச்சும் குடுங்க" என்றால் அவருக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும்.

"வயசுதான் பெட்டி மேலயே போட்டிருக்கே. தனியா இருந்தா பிள்ளை என்ன பண்ணுது, அதைச் சொல்லுங்க."

அலமாரிக் கதவைத் திறந்து மூடுகிற பிள்ளைக்கு மடிப்பைத் தூக்கிப் பார்க்கும் புத்தகம். பாத்திரத்தை உருட்டுகிற பிள்ளைக்கு அடுக்குக் கோப்பை. வீட்டில் கூட விளையாட ஆளில்லாத பிள்ளைக்கு மட்டும், இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தைத் தலைகீழாக நின்றாலும் தரமாட்டார். "பாவம், பெட்டியைக் கட்டிக்கிட்டு அழவா?"

இப்படி ஊரார் பிள்ளைகளையெல்லாம் கரைத்துக் குடித்தவரின் சொந்த மகள் வேறு ஊரில் இருந்தாள். மனைவியும் அவரும் ஒத்துவராமல் பிரிந்தபோது அவளுக்கு மூன்று வயது. யார் பக்கம் தப்பு என்று நாம் பஞ்சாயத்து பண்ண வேண்டாம். ஃபோனில் "சாப்டியாம்மா?", "சாப்டேன்பா" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். அப்புறம் இவர் சும்மாவே ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மூன்று வருஷம் கழித்து ஒருநாள் மனைவி கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை ஒரு வேலையா அங்க வர்றேன். பாப்பாவை உங்க கடையில விட்டுட்டு சாயங்காலம் கூட்டிக்கிறேன். மறுபடி வரணும்னு அவளா கேட்டா கூட்டிட்டு வருவேன். நான் வற்புறுத்த மாட்டேன். நீங்களும் கூடாது."

மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கூடவே ஒரு கவலை. அந்த ஒரு மத்தியானத்தில் அவளுக்குப் பிடித்துப் போகவேண்டுமே! யோசிக்காமல் அலமாரியிலிருந்து ஒன்றை உருவினார். மடிப்புக்கு மடிப்பு ஒரு கோழி ஒளிந்திருக்கும் புத்தகம். கடைசி மடிப்பில் நரி. மூன்று வயதில் அவள் இவர் மடியில் உட்கார்ந்து இதன் எல்லா மடிப்பையும் தூக்குவாள். நரி மட்டும், "நீ தொற, நீ தொற" என்று முகத்தை இவர் சட்டையில் புதைத்துக்கொள்வாள். எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அன்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

வந்து நின்றவள் இவர் இடுப்புக்கு மேல் உயரம். முன்பல் விழுந்திருந்தது. புத்தகத்தை வாங்கி எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று வாசித்தாள். நரி மடிப்பையும் கண்ணை இமைக்காமல் தூக்கிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குப்பா. தேங்க்ஸ்." எழுந்துபோய் அலமாரியில் இருந்த இடத்திலேயே செருகினாள்.

மாமா முகத்தில் ஈயாடவில்லை. தூக்கி எறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி நடந்துகொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"கண்ணு, நீ தனியா இருந்தா என்ன பண்ணுவ?"

"அம்மா ஆஃபீஸ்லேர்ந்து வர்ற வரைக்கும் பக்கத்து வீட்டுல இருப்பேன். அந்த ஆன்ட்டி டிவி பாப்பாங்க. நான் ஆட்டம் ஆடுவேன். இந்தப் பக்கமும் நான், அந்தப் பக்கமும் நான்."

"யாரு ஜெயிப்பா?"

"அந்தப் பக்கம்தான். அங்க யாருமே இல்ல, பாவம்ல?"

அவளாக எழுந்து சாயங்காலம் வரைக்கும் அலமாரி அலமாரியாகப் பார்த்துவிட்டு ஒரு பெட்டியோடு வந்தாள். நத்தைப் பந்தயம். நேற்றுத்தான் வந்த சரக்கு. மாமாவே இன்னும் ஆடிப் பார்க்கவில்லை.

"இது ரெண்டு பேர் ஆடறதும்மா."

"தெரியும்."

அவர் பெட்டியைப் பிரிக்கப் போகும்போது கீழேயிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"எடுத்துட்டுப் போடா" என்றார்.

"வேணாம்பா. உங்ககிட்டயே இருக்கட்டும். நான் வரும்போது பிரிக்கலாம்." நாலு படி இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்க மட்டும் முன்னாடியே ஆடிப் பாத்துடாதீங்க."

பெட்டியை அவரே விலைக்கு வாங்கித் தன் அறைக்குக் கொண்டுபோனார். அங்கே இருப்பது ஒரு மேஜை, ஒரு நாற்காலி. சாப்பிடும்போது தட்டுக்கு எதிரே அந்தப் பெட்டி இருக்கும். கை பரபரக்கும்; மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளைத் தடவிப் பார்ப்பதோடு சரி. போன மாதம் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் இன்னும் யாரும் உட்காரவில்லை.

கடையில் நத்தைப் பந்தயம் நன்றாக ஓடுகிறது. "ஆட்டம் எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டால் மாமா பெட்டி மேல் சுற்றிய தாளைத் தடவிக்கொண்டே சொல்கிறார்.

"தெரியாதுங்க. நான் இன்னும் ஆடிப் பாக்கல."