தம்பியின் நியோன் மீன்கள்

கொழும்பில் அலங்கார மீன் கடையில் வேலை பார்த்த என் தம்பி, ஒரு தீபாவளி லீவுக்குக் கண்ணாடித் தொட்டியும் கையுமாக ருவான்வெல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கினான். அம்மாவுக்குச் சேலை வாங்கி வருவான் என்று பார்த்தால், நம்ம துரை மீனை வாங்கி வந்திருக்கிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றைக் காம்பராவில் மனுசர் கால் நீட்டவே இடமில்லை, இதில் தொட்டி வேறு.

மீன்கள் ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். உடம்பில் நீலக்கோடு, வால் பக்கம் சிவப்பு. பெயர் நியோனாம். ஒன்றையொன்று கடிக்காது, கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்பும். வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர்தான் மாற்ற வேண்டும், தீனி ஒரு சிட்டிகைதான் போட வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனான்.

போனவன் அடுத்த லீவுக்கு வரவில்லை. கொழும்பில் எங்கோ குண்டு வெடித்திருக்கிறது. பொலிஸ் அவன் தங்கியிருந்த இடத்துக்குள் புகுந்து, இருந்த தமிழ்ப் பிள்ளைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. அவன் பேசினால் சிங்களவன் என்றே நினைப்பார்கள், அவ்வளவு நன்றாகச் சிங்களம் வரும். அதுவும் உதவவில்லை.

அம்மாவுக்கு இளைப்பு. கொழும்புப் பயணத்துக்கு உடம்பு இடம் கொடுக்காது. அவள் அன்றிலிருந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "அதுக நீந்துற வரைக்கும் எம்புள்ளைக்கு ஒன்னும் ஆவாது" என்பாள். மாதம் ஒருமுறை சிறைக்குப் போவது நான்தான். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று அவன் முதலில் கேட்பது மீனைத்தான். அழாமல் பேச எங்களுக்கு அந்த ஒன்றுதான் இருந்தது.

மாசி மாதம் மலையிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலி வற்றிவிட்டது. நான் இரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். எங்கள் மலையிலிருந்து பால் ஸ்டோர் தூரம் என்பதால், வெயிலில் பால் உறையாமல் இருக்க வாளியில் அமோனியா ஊற்றித் தருவார்கள். அன்று பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் வழியில், தொட்டித் தண்ணீர் கலங்கிக் கிடக்கிறதே என்ற நினைப்பில், அதே வாளியை ஓடையில் ஒரு தடவை அலசி, நிறையத் தண்ணீர் மொண்டு வந்தேன். வேறு யாராவது என்றால் வாளிக்குள் முகத்தை வைத்ததுமே தெரிந்திருக்கும். பதினைந்து வருசம் அந்தக் காரத்தைச் சுவாசித்த மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. அன்றைக்கென்று தாராள மனசு வேறு. கால்வாசி என்ன, முக்கால்வாசி மாற்றினேன்.

அடுப்பில் சோறு கொதிப்பதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. எதுவும் மிஞ்சவில்லை. எங்கள் பஜாரில் கருவாடு கிடைக்கும், நியோன் எங்கே கிடைக்கும்? அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அவன்கிட்ட மட்டும் சொல்லிப்புடாத" என்றாள். அதற்குப் பிறகு பலநாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த மாதமும் கம்பிவலைக்கு முன்னால் போய் நின்றேன். மீன் எப்படி என்று கேட்டான். நல்லா இருக்கு என்றதோடு வாயை மூடியிருக்கலாம். அவன் முகம் அவ்வளவு வாடிக் கிடந்ததால், குட்டி போட்டிருக்கிறது என்று சேர்த்துச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் குனிந்து நின்றான். பிறகு சிரித்து, பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றான். நேரம் முடிந்தது என்று காவலர் விரட்டினார்.

அதன்பின் மாதாமாதம் குட்டிகளைப் பற்றியே பேசினோம். எத்தனை மிச்சம், கோடு விழுந்ததா என்று கேட்பான். நானும் பஸ்ஸில் போகும்போதே யோசித்து வைத்து, கூசாமல் அளப்பேன். வீட்டில் தொட்டி காய்ந்து, கட்டிலுக்கடியில் கிடந்தது. நம்மால் அவனுக்கு ஆவது இது ஒன்றாவது என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வழக்கே இல்லை என்று ஒருநாள் அவனை விட்டுவிட்டார்கள். பஜாருக்குப் போய் அழைத்து வந்தேன். முடி கொட்டி, பாதி ஆளாக வந்து இறங்கினான். மலைப்பாதையில் ஏறும்போது எனக்குத் தாங்கவில்லை. மீனெல்லாம் செத்துப்போச்சுடா, நான்தான் கொன்னுட்டேன் என்று சொல்லி அழுதேன்.

அவன் நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னான்.

"தெரியும்க்கா. நியோன் குட்டி போடாது. முட்டைதான் போடும்."

நான் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் அவனைத் தேற்றவில்லை. நான் அழாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்று அவன்தான் என் பொய்க்குக் கேள்வி கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறான். வெளியே தனக்கென்று இருந்த அந்த மீனும் செத்துப்போனது, நான் குட்டி என்று சொன்ன அன்றே அவனுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான், அதற்குப் பிறகு பதினான்கு மாதம் உள்ளே கிடந்திருக்கிறான்.