தராசு அக்கா தூக்கிப் பார்த்த படகு

முதலில் என் மேல் எனக்கே இருக்கிற கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலாளியைத் திட்ட அப்புறம் நேரம் இருக்கிறது.

எங்கள் கம்பெனி ஆட்களைக் கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகில் ஏற்றித் தீவுக்கு அழைத்துப் போகிறது. துடுப்புப் போட்டுப் போக இரண்டு நாள், அங்கே இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். தீவில் மரத்துக்குப் பஞ்சமில்லை, குடிக்கத்தான் ஒரு சொட்டு கிடையாது. ஆறு நாளைக்கு வேண்டிய தண்ணீரை இங்கிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். போன வருடம் தண்ணீர் போதாமல் மயங்கிய ஒரு வழிகாட்டியைப் படகோடு கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

படகில் சாமான் அடுக்குவது தராசு அக்காவின் வேலை. பட்டறையில் படகு ஓட்டை அடைப்பது நான். தராசு என்பது நாங்கள் வைத்த பெயர். ஜன்னல் இல்லாத அறையில் பதினோரு வருடமாக அரிசி, அடுப்பு, மருந்து, துணி எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பைகளில் திணித்து, முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாயைச் சுருட்டிக் கட்டுகிறவள். பட்டியல் எழுத மாட்டாள். படகு நிறைந்ததும் அதன் மூக்கைப் பிடித்து ஒரு தூக்கு, வாலைப் பிடித்து ஒரு தூக்கு. "பின்னாடி ஒரு பை கூடுதல்" என்பாள். திறந்து பார்த்தால் இருக்கும்.

இந்த முறை வழிகாட்டி அவளுடைய சொந்தத் தம்பி. வந்தவர்கள் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். டாக்டர் தீவில் உட்கார ஒரு மடக்கு நாற்காலியையும் ஏற்றச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"நாற்காலி ஏறணும்னா தண்ணி இறங்கணும். முடியாது சார்" என்றாள் அக்கா முதலாளியிடம்.

முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"எப்படியாவது இடம் பண்ணுடா. அடுத்த சீசன்ல நீதான் தலைமை வழிகாட்டி."

தம்பி தன் படகின் பின்பக்கத்திலிருந்து மூன்று தண்ணீர்ப் பைகளை இறக்கி, நாற்காலியைச் சொருகினான். நிமிர்ந்தவன் என்னைப் பார்த்துவிட்டான்.

"என் பங்குலதான் எடுத்தேன் அண்ணே. அவங்க தண்ணியைத் தொடல. அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

நமக்கேன் வம்பு என்று தலையாட்டினேன். பசை டப்பாவை மூடிவிட்டு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கரையில் அக்கா தம்பியின் படகு வாலைத் தூக்கினாள். வைத்தாள். மறுபடி தூக்கினாள்.

"எவன்டா என் படகைத் திறந்தது?"

"வந்தவங்க முன்னாடி சத்தம் போடாதம்மா" என்றார் முதலாளி.

"சத்தமா? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

மூடியைத் திறந்து ஒவ்வொரு பையாக மணலில் வீசினாள். நாற்காலி வந்து விழுந்தது.

"நான்தான்க்கா எடுத்தேன்" என்றான் தம்பி.

கையை ஓங்கினாள். அடிக்கவில்லை.

"உன் தண்ணிய இறக்கிட்டு நாற்காலிய ஏத்துனியா? நீ மயங்கி விழுந்தா அதுலதான் உக்கார வச்சுக் கொண்டு வருவாங்களா?"

டாக்டர் பதறி ஓடி வந்தார். "எனக்கு யாருமே சொல்லலையேங்க! நாற்காலி வேண்டாம், எடுத்துடுங்க."

அவ்வளவுதான் விஷயம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ பட்டறையிலதானே இருந்த? பாத்தியா?"

"பாத்தேன்."

நாலு திட்டு திட்டியிருக்கலாம். இறக்கிய தண்ணீரையும் சேர்த்துப் பைகளைத் திரும்ப அடுக்கினாள், தூக்கிப் பார்த்தாள், படகைத் தள்ளிவிட்டாள். படகு கண்ணுக்கு மறைவதற்குள் முதலாளி அவளை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆறாம் நாள் தம்பி நல்லபடியாக வந்து சேர்ந்தான். அக்கா திரும்ப ஏற்றிய மூன்றும் தீர்ந்து, அவன் படகில் ஒரு தண்ணீர்ப் பைகூட மிச்சமில்லை.

அக்காவின் அறையையும் வேலையையும் முதலாளி எனக்குக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நான் பட்டியல் எழுதி அடுக்குகிறேன். பிறகு மூக்கைத் தூக்குகிறேன், வாலைத் தூக்குகிறேன்.

"எப்படி அண்ணே?" என்று கேட்கிறான் தம்பி, துடுப்போடு பின்னால் நின்று.

எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

"சரியா இருக்கு" என்கிறேன்.