லைன் இல்லை என்றேன்

கஹவத்தை டவுனில் சின்னதாக ஒரு கம்யூனிகேஷன் கடை நடத்துகிறேன். பக்கத்து றப்பர் தோட்டத்து செல்வி அக்கா, குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகளின் முகத்தைக் கணினியில் பார்க்க மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வருவார். மகளுக்கு லீவு அன்று மட்டும்தான்.

படம் இன்னும் தெளிவாகத் தெரியட்டுமே என்று, போன மாதம் அவர் வரும் நாள் காலையில், கடையின் ஒரே கணினி ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் சோதனைக் களஞ்சியத்திலிருந்து, அதாவது இன்னும் சோதித்து முடிக்காத மென்பொருள்கள் இருக்கும் இடத்திலிருந்து, புதிய வீடியோ மென்பொருளை இறக்கினேன். அதற்காக எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று கணினி நீளமாக எழுதிக் காட்டிச் சம்மதம் கேட்டது. படிக்காமலே சம்மதம் தட்டினேன். திரும்ப இயக்கியபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும்தான் இருந்தன; திரையில் படம் காட்டும் பகுதியும் நீக்கியவற்றோடு போயிருந்தது.

அக்கா புதுச் சேலையில் வந்து நின்றார். “இன்டர்நெட் லைன் இல்லக்கா” என்றேன்.

“லைன் இல்லாட்டி நீங்க என்ன தம்பி செய்வீங்க” என்று என்னைத் தேற்றிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். அங்கே மகள் காத்திருந்திருப்பாள்.

இப்போது கடைக் கணினியில் சோதனைக் களஞ்சியத்தைத் தொடுவதே இல்லை. எதை நிறுவினாலும், நீக்கப்போவதைக் கடைசி வரி வரை படித்த பிறகே சம்மதம் கொடுக்கிறேன்.

இந்த மாதம் அக்கா வாசலிலேயே நின்று, “இன்னைக்கு லைன் இருக்குங்களா தம்பி?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். “இருக்குக்கா” என்றேன். போன மாதமும் லைன் இருந்ததை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.