சாரை படம் எடுக்காது

1. மழை ஈரத்தில் தூக்குச்சட்டியின் கைப்பிடி வழுக்கியது.
2. மதியச் சோறு முழுவதும் மேல் படிக்கட்டில் கொட்டியது.
3. கீழே இறங்கியபோது, விறகுக் கொட்டாய் ஓரத்தில் பாம்பைப் பார்த்தேன்.
4. கத்தினேன்.

இதுதான் சரியான வரிசை. எட்டு வயதில், எங்கள் தேயிலைத் தோட்டத்து 'லைன்' வீடுகளிலிருந்து ஓடிவந்தவர்களிடம், மூன்றாவதை முதலில் வைத்துச் சொன்னேன். அம்மாவின் ஏச்சுக்குப் பயந்து, பாம்பைக் கண்டதால்தான் சோறு கொட்டியது என்றேன். அது போதாது என்று தோன்றவே, "படம் எடுத்துச்சு" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

தோட்டத்தில் மருந்தடிக்கும் பக்கத்து வீட்டு அந்தோணி மாமா குனிந்து பார்த்தார்.

"இது சாரைலா. வெசம் கெடையாது. நம்ம எலியத்தான் திங்குது. விட்டுடுங்க."

"அப்படின்னா உங்க வீட்டுலயே பாய் போட்டு வச்சுக்குங்கண்ணே!" என்றார் எதிர்வீட்டு அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

மாமா என்னிடம் கேட்டார்: "நெசமாவே படம் எடுத்துச்சாம்மா?"

தலையாட்டினேன்.

"எம்புள்ள பொய் சொல்லாது" என்றார் அம்மா. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. பாம்பை அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

மாமா கம்பால் அதைப் புரட்டினார். மஞ்சள் கலந்த பழுப்பு உடல், வால் பக்கம் கறுப்புப் பட்டைகள், உதட்டில் மை தீட்டியதுபோல் கோடுகள், பெரிய உருண்டைக் கண். விரிவதற்குக் கழுத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு படியேறி, சோறு கொட்டிய இடத்தில் நின்று கீழே பார்த்தார். அங்கிருந்து கொட்டாய் தெரியாது. என்னைப் பார்த்தார். துடைப்பத்தை எடுத்துவந்து, அம்மா மேலே வருமுன் சோற்றையெல்லாம் கூட்டிச் செடிகளுக்குள் தள்ளினார். அதன்பின் பல மாதம் அவரைச் 'சாரைக்கு லாயரு' என்று கேலி செய்தார்கள். அப்போதும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போது நான் மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் திரிங்காப் ஊருக்கு மண் எடுக்கப் போனபோது, முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு நடுவே பட்டப்பகலில் ஒரு சாரை எலி தேடிக்கொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரை, மனிதர்கள் பயிர் செய்யும் இடமெல்லாம் எலிக்காக வந்துவிடும் பாம்பு அது. நெருக்கினால் கழுத்தை உப்பிக்கொண்டு உறுமும், அவ்வளவுதான். மண்வெட்டியோடு ஓடிவந்த தொழிலாளியிடம், "சாரைதான், விடுங்க" என்றேன். ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பித் திரும்பிப் போனார். என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

லைனில் இன்று விறகுக் கொட்டாய் இல்லை. எல்லா வீட்டிலும் கேஸ். அம்மா அந்தக் கதையை நான் உயிர் தப்பிய கதையாகவே சொல்லிவருகிறார். அந்தோணி மாமா பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பார்க்கிறேன். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்பார். இருக்கிறேன் என்று மட்டும் சொல்வேன். மற்றதை இன்னும் சொல்லவில்லை.