ஆறாவது பாட்டின் மேடு

வேன்காரருக்கு ஒரு கோபம் உண்டு. பதினோரு வருடமாக ஆறாத கோபம். அவருடைய தங்கை வீட்டுக்காரர் கால் முட்டி தேயத் தேய டிரம்ஸ் வாசித்து ஒரு ஆல்பம் பதிவு செய்தார். ஆல்பம் வந்தது. அதில் அவர் வாசித்தது ஒரு நொடிகூட இல்லை. யாரிடம் சொன்னாலும் "அதுக்கு என்ன இப்போ?" என்று கேட்டார்கள். சொல்வதையே விட்டுவிட்டார்.

தங்கை வீட்டுக்காரரை எல்லோரும் டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அட்டைப்பெட்டி கம்பெனியில் பெட்டி மூலையில் கம்பிப் பின் அடிக்கிற மெஷினில் வேலை. காலால் பெடலை மிதித்தால் ஒரு பின் இறங்கும். மற்றவர்கள் வலது காலால் மிதிப்பார்கள். டமாரம் காலையில் வலது, மதியத்துக்கு மேல் இடது. சூப்பர்வைசர் கேட்டதற்கு, "ரெண்டு காலுக்கும் ஒரே சம்பளம்தானே சார், இடது மட்டும் ஏன் சும்மா இருக்கணும்?" என்றாராம். உண்மைக் காரணம் வேறு. அவர் வாசித்தது எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்கிற அதிரடி ராக் இசைக் குழுவில். பாடுகிறவன் அடித்தொண்டையில் உறுமுவான். டிரம்ஸ்காரனின் இரண்டு காலும் இரண்டு பெடலில் தையல் மெஷின் ஊசி மாதிரி ஓட வேண்டும். இடது கால் சோம்பேறி. அதற்குத்தான் கம்பெனி செலவில் பயிற்சி.

தங்கை ஒரு தடவை அவர்கள் கச்சேரிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "மிக்ஸியில கல்லு விழுந்த மாதிரி இருக்கு. இதுக்கா உங்க காலுக்கு நான் தினம் எண்ணெய் தேய்க்கறேன்?" என்றாள். சொன்னாளே தவிர, தேய்ப்பதை நிறுத்தவில்லை.

பன்னிரண்டு வருடம் இப்படி வாசித்தும் கையில் ஒரு ஆல்பம் கிடையாது. ஒருவழியாகப் பதிவுக்கு நாள் குறித்தபோது இடது முட்டி தேய்ந்துபோயிருந்தது. இதோடு நிறுத்திக்கொள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த ஒண்ணு மட்டும் மச்சான்," என்றார் டமாரம். "நான் வாசிச்சது ஒரே ஒரு சிடியில இருந்துட்டா போதும். அப்புறம் காலை நீட்டி உக்காந்துக்கறேன்."

டிரம்ஸை வேனில் ஏற்றி இறக்கியதெல்லாம் வேன்காரர்தான். டைல்ஸ் கடைக்கு மேலே ஸ்டுடியோ. சுவரெல்லாம் பழைய மெத்தை. முதல் நாள் முழுக்க ஒரு பாட்டுகூட வாசிக்க விடவில்லை. ஒவ்வொரு டிரம்மையும் தனியாக அடிக்கச் சொன்னார்கள். மெதுவாக இருபது அடி, பலமாக இருபது அடி.

"எக்ஸ்ரே எடுக்கற மாதிரி எலும்பு எலும்பா பாக்கறீங்களே, எதுக்குடா?" என்று கேட்டார் டமாரம்.

"சும்மா லெவல் பாக்கத்தாண்ணே," என்றான் கிட்டார்காரன். குழுவில் அவன் வைத்ததுதான் சட்டம்.

அடுத்த மூன்று நாளில் ஏழு பாட்டு. காதில் மாட்டிய ஹெட்போனில் கடிகாரம் மாதிரி டிக் டிக்கென்று ஒரு சத்தம் ஓடும். அதை விட்டு விலகாமல் வாசிக்க வேண்டும். ஆறாவது பாட்டின் முடிவில் டமாரம் வேண்டுமென்றே விலகினார். லோடு ஏற்றிய வண்டி மேட்டில் திணறி ஏறுவதுபோல வேகத்தை இழுத்துப் பிடித்தார். வெளியே உட்கார்ந்திருந்த வேன்காரருக்கே, பாட்டு பிடிக்காவிட்டாலும், அந்த இடத்தில் முதுகு நிமிர்ந்தது.

"ஒட்டலையே அண்ணே," என்று கிட்டார்காரன் முகம் சுளித்தான்.

"ஒட்டக் கூடாதுன்னுதாண்டா இழுக்கறேன்."

"சரி, உங்க இஷ்டம்."

கடைசி நாள் ஸ்டாண்டுகளை மடக்கும்போது அவன் வேன்காரரைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். "முட்டி வலியில அண்ணனுக்கு இடது கால் அங்கங்க பிந்துது. லேசா சரி பண்ணிக்கறோம். அவர்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு விட்டுடுவாரு."

வேன் கதவில் கீறல் விழுந்தால் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பதில்லையா, அதுபோலத்தான் என்று வேன்காரர் நினைத்தார். தலையாட்டிவிட்டு ஸ்டாண்டைத் தூக்கினார்.

மூன்று மாதம் கழித்து சிடி வந்தது. ஷிப்ட் முடிந்து வந்த டமாரம் வேனில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு சிடியைப் போட்டார். முதல் பாட்டுக்குத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவதில் கை நின்றுவிட்டது. ஆறாவது பாட்டில் மேடு வரவே இல்லை. சமதரையில் உருளுவதுபோல் வழவழவென்று ஓடி முடிந்தது.

"சத்தம் என்னோடது மச்சான். வாசிச்சது நான் இல்ல."

"என்ன மாப்ள சொல்றீங்க? பேரு போட்டிருக்கே."

"மொத நாள் ஒத்தை ஒத்தையா அடிக்க விட்டான் பாருங்க. அந்த அடியை எடுத்துக் கம்ப்யூட்டர்ல வரிசையா அடுக்கிட்டான். மூணு நாள் வாசிச்சதைத் தூக்கிக் கடாசிட்டான்."

வேன்காரர் வண்டியை நேராகக் கிட்டார்காரன் வீட்டுக்கு விட்டார். வாசலிலேயே சட்டையைப் பிடித்தார். அவன் அசரவில்லை.

"எல்லாரும் இப்படித்தாண்ணே செய்யறாங்க. கேக்கறவனுக்கு என்ன தெரியப்போகுது? அதுவும் நீங்க எதுக்கு எகிறறீங்க? உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே செஞ்சேன்?"

சட்டையைப் பிடித்த கை தானாக இறங்கியது. பின்னால் வந்து நின்றிருந்த டமாரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேனுக்குப் போய் உட்கார்ந்தார்.

ஆல்பத்தைக் கேட்டவர்கள் டிரம்ஸைத்தான் புகழ்ந்து தள்ளினார்கள். மனுஷன் காலா இது என்று கம்பெனி வரைக்கும் தேடி வந்து கை குலுக்கினார்கள். டமாரம் கையைக் கொடுத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிடுவார். முட்டிக்கு ஆபரேஷன் ஆனது. பெடல் மெஷினை விட்டுப் பெட்டி எண்ணும் வேலைக்கு மாற்றினார்கள். தங்கை வீட்டுக்கு வேன்காரர் போனால் அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். வா என்பதும் இல்லை, போ என்பதும் இல்லை. இத்தனை வருடத்தில் மச்சானிடம் அவர் எதுவும் கேட்டதில்லை. கடைசியாகக் கேட்டது, அன்று கிட்டார்காரன் வீட்டிலிருந்து திரும்பும்போதுதான்.

"லேசான்னுதான் மாப்ள சொன்னான். இப்படிச் செய்வான்னு எனக்குத் தெரியாது."

"லேசான்னா எவ்வளவுன்னு கேட்டீங்களா?"

"இல்ல."

டமாரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி வீங்கிப்போய் பேன்ட் இறுகியிருந்தது. வீட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்.

"அவனை விடுங்க. நான் வாசிச்சது பத்தாதுன்னு உங்களுக்கும் தோணியிருக்கு," என்றார். கொஞ்ச தூரம் போனதும் கதவுப் பிடியில் கை வைத்தார். "வண்டியை ஓரமா நிறுத்துங்க மச்சான். நான் நடந்து போய்க்கறேன்."