பை நின்ற வரிசை

காரில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டிலை இன்று திறந்ததும், அந்தச் சூட்டு வாசனையில், வளைகுடாவில் நாங்கள் இருந்த அல் குசைஸின் பழைய பஸ் ஸ்டாப் கண்முன் வந்து நின்றது. கூரையும் ஆளும் இல்லாத வெறும் கம்பம். அதன் பின்னே மணலில் பாட்டில்களும் சாப்பாட்டுப் பைகளும் எங்களுக்காக வரிசையில் நிற்க, நாங்கள் பக்கத்துக் கடை நிழலில் ஒண்டியிருப்போம்.

எனக்குக் காய்ச்சல் கொதித்த ஒருநாள், ஆஸ்பத்திரிக்குப் போக என்னை ஸ்டாப்புக்குத் தூக்கிவந்த அப்பா எங்கள் பையை வரிசையின் கடைசியில் வைத்தார்.

"புள்ளைய நிழலுக்குக் கொண்டாங்க சார், பை அதுபாட்டுக்கு வரும்" என்ற தொழிலாளர் கேம்ப்காரர் ஒருவர், போய் அதைத் தன் பாட்டிலுக்கு முன்னால் வைத்தார். அடுத்தவர் எடுத்துத் தன் பைக்கு முன்னால் வைத்தார். இப்படியே ஒவ்வொருவராக நகர்த்த, பஸ் வந்தபோது எங்கள் பைதான் முதலில் நின்றது.

இப்போது அங்கே ஏசி போட்ட கண்ணாடி அறை. எந்த வரிசையிலும் கடைசி ஆளாக நிற்க எனக்கு இன்றுவரை பயமில்லை.